பழைய காரில் முன்பக்க உதறலும் 'டொக்' சத்தமும்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: பதினான்கு வயதான ஒரு சின்னக் கார், முன் சக்கரங்களை என்ஜின் இழுக்கும் வகை. வேகம் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது. குண்டும் குழியுமான சாலையில் மெதுவாகப் போனால் முன்பக்கத்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டு தடவை செய்தாகிவிட்டது, பலனில்லை. இப்போது மெக்கானிக் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அவை நன்றாக இருக்கின்றன என்று சொல்ல வரவில்லை. இந்த வயதில் தளர்ந்துதான் போயிருக்கும். ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் முதல் சந்தேகம் விழவேண்டிய இடம் அது இல்லை.

உதறலையும் டொக் சத்தத்தையும் ஒரே கோளாறாகப் பார்க்கிறீர்கள். அநேகமாக இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. உதறல், சுற்றுகிற ஏதோ ஒன்றிலிருந்து வருவது: டயர், ரிம், பிரேக் டிஸ்க், என்ஜின் விசையை வீலுக்குக் கொண்டுபோகிற ஆக்சில். டொக் சத்தம், எங்கேயோ விழுந்துவிட்ட இடைவெளியிலிருந்து வருவது: தேய்ந்த ஜாயின்ட், கிழிந்த புஷ் (இரும்புப் பாகங்கள் இணைகிற இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை), தளர்ந்த போல்ட். முதலாவதைத் தேட வேகத்தைக் கவனிக்க வேண்டும், இரண்டாவதைத் தேடச் சாலையையும், பிரேக்கிலும் ஆக்சிலரேட்டரிலும் உங்கள் கால் செய்வதையும் கவனிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீல் நட்டுகளைப் பாருங்கள். பேலன்சிங்குக்காக இரண்டு தடவை வீலைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். காற்றழுத்தக் கருவியால் அவசரமாக முடுக்கி, ஒரு வீலில் இரண்டு நட்டு சரியாக உட்காராமல் போனால் உதறலும் வரும், டொக் சத்தமும் வரும். இரண்டும் ஒரே காரணத்தால் வரக்கூடிய மிகச் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று, ஆபத்தானதும் இதுதான். முடுக்குகிற விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள். பெரும்பாலான சின்னக் கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். பிறகு வெளிச்சந்தையில் வாங்கிய அலாய் வீலா என்று பாருங்கள். நடுத்துளை, வீல் மாட்டப்படுகிற ஹப்பைவிடப் பெரிதாக இருந்து, இடையில் வளையம் போடாமல் மாட்டியிருந்தால், பேலன்சிங் மெஷினில் சரியாக நின்ற வீல் வண்டியில் ஒரு மயிரிழை தள்ளி உட்காரும். எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் உதறல் போகாது.

சரி, இப்போது உதறல்.

80-க்கு மேல் ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் தேடுவது பாதி முடிந்த மாதிரி. சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது நொடிக்கு சுமார் 15 தடவை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தாலும் அந்த வேகத்தில் அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இழுக்கிறது. 30 கிராம் என்றால் ஐந்து கிலோ, நொடிக்குப் பதினைந்து முறை. வேகம் பாதியானால் இந்த விசை கால்வாசியாகிவிடும், அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. இன்னொரு விஷயமும் சேர்கிறது. வீல், ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்த அந்தக் கனம் டயரின் மேல் இயல்பாகக் குதிக்கிற வேகமும் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து வரைதான். இரண்டும் ஒத்துப்போகிற வேகத்தில் உதறல் உச்சத்துக்குப் போகும். 90-ல் ஆடி 120-ல் அடங்கிவிடுகிறது என்றால் அது ஏறக்குறைய வீல் சமாச்சாரம்தான்.

அதை உறுதி செய்ய ஒரு சோதனை. வெறிச்சோடிய நேரான சாலையில், உதறுகிற வேகத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். என்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கிற உதவி போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலிலும் உதறல் அப்படியே தொடர்ந்தால் டயர், ரிம், ஹப், பேரிங் பக்கம் போங்கள். நின்றுவிட்டால் என்ஜின் மவுன்டிங் (என்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடி) அல்லது ஆக்சில். குறிப்பாக, மேட்டில் ஏறும்போதும் வேகம் கூட்டும்போதும் மட்டும் முன்பக்கம் இடவலமாக ஆடி, காலை எடுத்ததும் அடங்கினால், ஆக்சிலின் உள்பக்க சிவி ஜாயின்ட் (மடங்கியபடியே சுழலவிடும் இணைப்பு) தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்க ஜாயின்ட் அப்படிக் காட்டாது, முழுசாக ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓட்டும்போது 'டிக் டிக் டிக்' என்று எண்ணிச் சொல்லும். ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கிறது, வேறு சாட்சி தேவையில்லை.

வீல் பக்கம்தான் என்று முடிவானால், செலவே இல்லாத அடுத்த சோதனை: முன் வீல்களைப் பின்னாலும் பின் வீல்களை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். ஸ்டீயரிங்கில் தெரிந்த உதறல் சீட்டுக்கும் தரைக்கும் இறங்கிவிட்டால் குற்றவாளி அந்த டயரோ ரிம்மோதான். கொஞ்சமும் மாறாமல் ஸ்டீயரிங்கிலேயே நின்றால் ஹப், டிஸ்க், ஆக்சில் என்று தேடலாம். இதைச் செய்யாமல் மூன்றாவது தடவை பேலன்சிங்குக்குப் பணம் கொடுக்காதீர்கள். பேலன்சிங் மெஷின் எடையைத்தான் பார்க்கிறது, வட்டத்தைப் பார்ப்பதில்லை. முட்டை வடிவத்துக்கு வந்துவிட்ட டயரும் வளைந்த ரிம்மும் மெஷினில் பூஜ்யம் காட்டும், சாலையில் ஆடும். ஜாக்கியில் தூக்கி, வீலை மெல்லச் சுற்றவிட்டு, தரையில் அசையாமல் வைத்த ஒரு கட்டையின் முனையை ரிம் ஓரத்துக்கு அருகில் நிறுத்துங்கள். அந்த இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். பிறகு டயரின் நெற்றிப்பக்கத்துக்கு, அதாவது சாலையைத் தொடும் பக்கத்துக்கு, அதையே செய்யுங்கள்.

டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேடுகள்) தேயாமல் நிறைய இருக்கிறது என்பதால் பழைய டயர் நல்ல டயர் ஆகிவிடாது. உள்ளே இருக்கும் கம்பிப் பட்டை ரப்பரிலிருந்து விட்டுப்போனால், 30, 40 வேகத்திலேயே வண்டி நொண்டுகிற மாதிரி ஆடும். நெற்றிப்பக்கத்தைக் கையால் தடவினால் ஓரிடத்தில் புடைப்பு தட்டுப்படும். அந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போகவே போகாதீர்கள், மாற்றுகிற வரை வண்டி நிற்கட்டும். பல நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டி முதல் சில கிலோமீட்டர் ஆடிவிட்டு, டயர் சூடானதும் சரியாகிவிட்டால் அது கோளாறு இல்லை, நின்ற இடத்தில் டயர் தட்டையானதுதான்.

பிரேக் அழுத்தும்போது மட்டும் உதறினால் கதை வேறு. நீங்கள் அதைப் பற்றிச் சொல்லவில்லை, ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எல்லோரும் 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன் மாறிவிடுகிறது. ஒரு சுற்றுக்குள் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே காலிலும் கையிலும் தெரியும். அது எப்படி வருகிறது என்பதுதான் சுவாரசியம். ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தால் டிஸ்க் அதன் மேல் துளி சாய்ந்து உட்காரும். பிரேக் அழுத்தாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடம் பேடில் உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்துவிடும். அதனால்தான் புது டிஸ்க் போட்டும் கொஞ்ச நாளில் அதே உதறல் திரும்புகிறது. டிஸ்க்கை மாற்றினால் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிட்டுத்தான் மாட்டச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஆனால் பக்கத்தில் நின்று கேட்காவிட்டால் அநேகமாக நடக்காது.

இங்கேதான் பழைய கார் என்பது முக்கியமாகிறது. புது வண்டியில் 10 கிராம் வித்தியாசத்தை வீலை வண்டியின் உடலோடு கீழே இணைக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் விழுங்கிவிடும். பதினான்கு வருஷம் ஆன புஷ் வெடித்து, நடுவில் கிழிந்து கிடக்கும். அப்போது அதே 10 கிராம் வீலை முன்னும் பின்னும் ஆட்டி, வீல்களைத் திருப்புகிற ஸ்டீயரிங் ரேக் வழியாக உங்கள் கைக்கு வந்து சேரும். பேலன்சிங் எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் எங்கோ ஒரு துளி மிச்சம் இருக்கத்தான் செய்யும், தளர்ந்த புஷ் அதைப் பெரிதாக்கிக் காட்டும். முதலில் இரண்டு கோளாறு என்றேன். அவை ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற இடம் இதுதான்: டொக் சத்தம் போடுகிற அந்தப் புஷ்ஷே, தான் உண்டாக்காத உதறலை ஊதிப் பெரிதாக்கலாம்.

ஆகவே டொக் சத்தத்துக்கு வருவோம். காதை நம்பாதீர்கள் என்பது என் முதல் அறிவுரை. காரின் உடல் முழுக்க இரும்புத் தகடு. வலது பக்கம் அடிக்கிற சத்தம் இடது பக்கம் கேட்கும். நானே ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு லொடலொடப்பைத் துரத்தினேன். லிங்க் மாற்றினேன், மேல் மவுன்டிங் மாற்றினேன். கடைசியில் பேட்டரியைப் பிடித்திருக்கிற கிளாம்ப் தளர்ந்து, பேட்டரிதான் தட்டில் குதித்துக்கொண்டிருந்தது. எனவே கீழே குனிவதற்கு முன் பானெட்டைத் திறந்து பேட்டரி, பானெட் பூட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாவற்றையும் கையால் ஒரு குலுக்குக் குலுக்கிவிடுங்கள்.

அப்புறம், சத்தம் எப்போது வருகிறது என்று பிரியுங்கள்.

மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் 'லொடலொட' என்று வந்தால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க். வளைவில் வண்டி சாயாமலிருக்க இரண்டு முன் வீலையும் இணைக்கும் கம்பி அந்தப் பார், அதன் முனையில் இருக்கும் சின்ன இணைப்புக் கம்பி லிங்க். இதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. வேகத்தடையில் நேராக ஏறுங்கள், இரண்டு முன் வீலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்க வேண்டும். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது, லிங்க்குக்கு வேலையில்லை. அடுத்து அதே வேகத்தடையில் சாய்வாக, ஒரு வீல் முன்னும் ஒரு வீல் பின்னுமாக ஏறுங்கள். நேராக ஏறும்போது அமைதி, சாய்வாக ஏறும்போது சத்தம் என்றால் லிங்க் அல்லது அந்தப் பாரைப் பிடித்திருக்கிற புஷ். ஒரு வீலை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க்கை ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பார் முறுக்கேறி லிங்க்கை இறுக்கிப் பிடித்திருக்கும், தேய்ந்த லிங்க்கும் கல் மாதிரி நிற்கும். நான்கு வீலும் தரையில் இருக்கும்போதோ, முன் வீல் இரண்டும் ஒரே உயரத்தில் தொங்கும்போதோதான் ஆட்டிப் பார்க்க வேண்டும். நல்ல வண்டியைக்கூட இந்தச் சின்னக் கம்பி உடைந்த வண்டி மாதிரி ஒலிக்க வைக்கும். நீங்கள் சொன்ன சத்தத்துக்கு நான் முதலில் கைநீட்டுவது இதைத்தான்.

இரண்டாவதாக, அதே லொடலொடப்பு வரும்போது பிரேக்கை இலேசாக, வண்டி வேகம் குறையாத அளவுக்குத் தொடுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் சஸ்பென்ஷனை விட்டுவிடுங்கள். பிரேக் பேட் அதன் இடத்தில் ஆடுகிறது, அல்லது பேடை அழுத்துகிற காலிபரைத் தாங்கும் ஊசி (பின்) தேய்ந்திருக்கிறது. பேட் மாற்றும்போது அதோடு வருகிற மெல்லிய தகட்டுக் கிளிப்பை மாட்டாமல் விட்டுவிடுவது சர்வசாதாரணம்.

கிளம்பும்போதும் பிரேக் பிடித்து நிற்கும்போதும் ஒரே ஒரு 'டொக்', ரிவர்ஸிலிருந்து முன்னுக்குப் போகும்போது இன்னொரு 'டொக்' என்றால், லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ் அல்லது என்ஜின் மவுன்டிங். இதைப் பிரிக்க, சமதளத்தில், வீல்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சை இலேசாக விட்டு முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை மட்டும் மாற்றினால் போதும். நீங்கள் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பாருங்கள். என்ஜின் எகிறி விழுந்தால் மவுன்டிங். என்ஜின் அடக்கமாக இருக்க, சத்தம் கீழிருந்து வந்தால் புஷ். புஷ்ஷை நெம்புகம்பியால் நெம்பிப் பார்க்கலாம். ரப்பர் கொஞ்சம் நெளிவது இயல்பு, உள் குழாய் ரப்பரை விட்டு விலகுவது இயல்பு இல்லை. எண்ணெய் நிரப்பிய புஷ்ஷோ மவுன்டிங்கோ என்றால் கசிந்த கறையே போதும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்டிங்கும் அதன் பேரிங்கும். ஒருவர் திருப்ப, நீங்கள் சுருள்வில்லின் மேல் கையை மெல்ல வைத்தால் அது முறுக்கிக்கொண்டு துள்ளுவது தெரியும், சுருள்களுக்கு நடுவே மட்டும் விரலை விடாதீர்கள். அப்படியே சுருள்வில்லின் கீழ்முனையையும் பாருங்கள். பழைய வண்டியில் கடைசிச் சுற்று உடைந்து கிடப்பது நிறைய நடக்கிறது, சிலசமயம் உடைந்த முனை டயரைக் கிழிக்கிற தூரத்தில் இருக்கும். ஸ்டீயரிங்கிலேயே கைக்குத் தட்டுகிற மாதிரி டொக் வந்தால் ஸ்டீயரிங் கம்பியின் ஜாயின்ட், ரேக்கின் போல்ட், ரேக் எண்ட் ஆகியவற்றைப் பாருங்கள்.

கடைசியாக உயிர் சம்பந்தப்பட்டது. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். வீலை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இடவலம் மட்டும் ஆட்டம் இருந்தால், ரேக்கிலிருந்து வீலைத் திருப்புகிற கம்பியின் இரு முனைகளான டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் ஹப்பையும் அதைத் தாங்கும் நக்கிளையும் சேர்த்துக் கட்டிவிடும். எனவே அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் லோயர் ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயின்ட். பேரிங் என்றால் வேகத்தோடு ஏறுகிற ஒரு இரைச்சலும் கேட்டிருக்கும். இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலது வீல், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது வீல். எடை வெளிப்பக்க வீலுக்குப் போவதால் இப்படி. பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். அது கழன்றால் வீல் மடிந்து படுத்துவிடும், ஸ்டீயரிங்கால் ஒன்றும் செய்ய முடியாது.

ஷாக் அப்சார்பர் எப்போது? அதன் உடலில் எண்ணெய் வடிந்து புழுதி பிடித்து ஈரமாக இருந்தால், பெரிய மேட்டில் ஏறி இறங்கிய பின் வண்டி இரண்டு மூன்று தடவை ஊசலாடினால், டயரில் கை வைத்தால் அலை அலையாக மேடுபள்ளம் தட்டுப்பட்டால். வண்டியின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுகிற சோதனை முழுதாகச் செத்ததைத்தான் காட்டும், பாதி செத்ததைக் காட்டாது. மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், மேல் மவுன்டிங்கையும் கூடவே மாற்றிவிடுங்கள். அதற்காக மறுபடி இன்னொரு நாள் எல்லாவற்றையும் கழற்றுவது வீண்.

உங்கள் வண்டிக்கு நான் போகிற வரிசை இது: வீல் நட்டு, டயர் வயதும் புடைப்பும், நியூட்ரல் சோதனை, வீல்களை முன்பின் மாற்றுவது, சாய்வான வேகத்தடை, இலேசான பிரேக், பிறகு தூக்கி ஆட்டிப் பார்ப்பது. லோயர் ஆர்ம் புஷ் மாற்ற நேர்ந்தால் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: புஷ் போல்ட்டின் கடைசி முடுக்கு, வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் போட வேண்டும். வீல் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், வண்டி இறங்கிய நிமிடத்திலிருந்து கிழியத் தொடங்கும். அலைன்மென்ட்டை, மற்ற வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒரு தடவை செய்யுங்கள். தேய்ந்த ஜாயின்ட்டோடு செய்த அலைன்மென்ட் மெஷினிலிருந்து இறங்கும்வரைதான் நிற்கும். நீங்கள் இரண்டு தடவை செய்தும் பயனில்லாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வேலை முடிந்து ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.